கொடி இறங்கியும் இறங்காத சட்டம்



விசித்திரமான சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்ட நண்பர்கள், சபையோர் சற்று வாய்விட்டுச் சிரிக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தோடுதான் இந்த விஷயத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள் என்பதை நான் அறியாதவன் அல்லன். சிரிப்புக்கு வேண்டிய சரக்கு நம் தேசத்துச் சட்டப் புத்தகங்களில் குறைவின்றி இருக்கிறது. 1934-ஆம் வருஷத்து ஆகாய விமானச் சட்டம், விமானம் இன்னது என்று இலக்கணம் வகுக்கும்போது பலூனையும் கிளைடரையும் சொல்லிவிட்டுப் பட்டத்தையும் அந்த வரிசையிலே சேர்த்துவிட்டது. ஆகவே நம் கடற்கரையில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு விமானம் ஓட்டியவர்களே. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டமோ, பூமிக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. பத்து ரூபாய்க்கு அன்றிருந்த கனம் என்ன, இன்றிருக்கும் கனம் என்ன என்று அது யோசிக்கவில்லை.

இப்படிப்பட்டவற்றை அடுக்கிக்கொண்டே போனால் பொழுதும் போகும், கைதட்டலும் கிடைக்கும். ஆயினும் இவை எழுத்தில் மாத்திரம் விசித்திரமானவை. இவற்றால் ஒருவன் வீட்டில் அடுப்பு எரிவதும் நிற்பதும் இல்லை. இந்தப் புதுச்சேரிப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவ்விதமான வேடிக்கையைத் தேடி வெகுதூரம் போகவேண்டிய அவசியமும் இல்லை. இங்கே பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வசிக்கும் இரண்டு தமிழர், ஒரே பாஷை பேசி, ஒரே கோயிலிலோ ஒரே தேவாலயத்திலோ கும்பிட்டு, ஒரே வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தபோதிலும், ஒருவர் கலியாணமும் சொத்தும் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கும், மற்றவர் கலியாணமும் சொத்தும் நெப்போலியன் காலத்தில் பாரிஸில் எழுதப்பட்ட சட்டத்துக்கும் உட்பட்டவையாக இருக்கக்கூடும். பிரெஞ்சுக் கொடி இறங்கி எழுபது வருஷம் கடந்தும் இது நீடிக்கிறது. இந்த ஒரு விசித்திரத்தைப் பற்றியே இன்று விஸ்தாரமாகச் சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

இதன் வேர் 1819-ஆம் வருஷத்தில் இருக்கிறது. ஐரோப்பிய யுத்தங்களின்போது ஆங்கிலேயர் வசம் போயிருந்த இவ்வூர் 1816-இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வந்தபின் அவர்கள் 1819 ஜனவரி 6-ஆம் தேதி ஓர் ஆணை பிறப்பித்து, 1804-இல் பிரான்சில் அமுலான சிவில் சட்டத் தொகுப்பை, நம்மூர் வக்கீல்கள் ‘கோத் சிவில்’ என்று சொல்லுகிற அந்தப் புத்தகத்தை, இங்கேயும் அமுலாக்கினார்கள். ஆனால் அதே ஆணையில், இந்தியர்கள் கிறிஸ்தவர்களாயினும் முஸ்லிம்களாயினும் மற்றையோராயினும், பண்டு தொட்டு நடந்துவந்தபடியே தத்தம் ஜாதி ஆசாரங்களின்படியும் வழக்கங்களின்படியும் நியாயம் விசாரிக்கப்படுவார்கள் என்று ஒரு வாக்குறுதியையும் சேர்த்து எழுதினார்கள். மதத்தில் கைவைத்தால் வியாபாரம் கெடும் என்ற புத்திசாலித்தனம் இதில் பாதி இருக்கலாம். மீதிப் பாதி மெய்யான மரியாதையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அன்று முதல் இவ்வூரில் இரண்டு சட்டங்கள் குடியேறின.

ஆசாரப்படி நியாயம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆசாரம் இன்னதென்று பாரிஸிலிருந்து கப்பலேறி வந்த நீதிபதிக்கு யார் சொல்லுவது? அதற்காக 1827-இல் ஊர்ப் பெரியவர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைச் சபையை அமைத்தார்கள். நீதிபதி கேள்வி கேட்பார். சபையார் கூடி யோசித்து, எங்கள் வழக்கம் இது என்று பதில் எழுதுவார்கள். அந்தப் பதில்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லெயோன் சோர்க் என்ற பிரெஞ்சு நீதிபதி தொகுத்து அச்சிட்டார். வேற்று நாட்டு நீதிபதி ஒருவர், கேட்டுத் தெரிந்துகொள்வது தம் அந்தஸ்துக்குக் குறைவென்று கருதாமல், ஓர் ஊராரின் வாய்ச்சொல்லைப் புத்தகமாக்கி வைத்துவிட்டுப் போனது சிறிய காரியமன்று.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஓர் ஆச்சரியமான பலன் விளைந்தது. சென்னை ராஜதானியில் ஆங்கிலேய நியாயஸ்தலங்கள் மிதாக்ஷரம் என்னும் பழைய சாஸ்திர வியாக்கியானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிதுரார்ஜித சொத்தில் மகனுக்குப் பிறந்த கணத்திலேயே பாத்தியதை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவந்தன. இங்கேயோ பிரெஞ்சு நியாயஸ்தலங்கள் சாஸ்திரத்தைவிட ஊர் வழக்கத்தையே நம்பி, தகப்பன் உயிரோடிருக்கும்வரை சொத்து முழுவதும் தகப்பனுடையதே, மகன் பாகம் கேட்கமுடியாது, தகப்பன் தன் இஷ்டப்படி விற்கவும் கொடுக்கவும் செய்யலாம் என்று நிலைநாட்டின. நம் பிரதேசத்தின் எல்லை நேர்கோடாகப் போவதன்று. அந்நாளில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பாகூர் நிலம், அந்தப் பக்கம் தென்னாற்காடு ஜில்லா என்று பின்னிக்கிடந்தது. ஆகவே ஒரே வம்சத்தில் பிறந்து, ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கலிடும் பங்காளிகளில், வரப்புக்கு அந்தப் பக்கத்து மகன் தகப்பன்மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட முடிந்தது. இந்தப் பக்கத்து மகன் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல் அநேகமாகத் தேசமெங்கும் வந்தபோதும் இங்கு வரவில்லை. 1963 அக்டோபர் முதல் தேதியன்றுதான் புதுச்சேரிக்குள் நுழைந்தது. ஆதலால் இன்றைக்கும் நம்மூரில் ஒரு பழைய சொத்து வழக்கு எழும்போது, தகப்பனார் காலமானது அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பதைப் பார்த்துவிட்டே வக்கீல் மேற்கொண்டு பேசுவார்.

கோத் சிவில் என்னும் அந்தப் புத்தகத்தைச் சற்றுத் திறந்து காட்டாமல் மேலே போக மனம் வரவில்லை. அதன் 524-ஆம் ஷரத்து, நிலத்தின் உபயோகத்துக்காக நிலச்சொந்தக்காரன் அங்கே வைத்திருப்பவை யாவும் ஸ்தாவர சொத்து என்று சொல்லி ஜாபிதா கொடுத்தது: உழவு மாடு, ஏர் முதலான கருவிகள், விதை, எரு, வைக்கோல், அவற்றோடு புறாக்கூண்டிலுள்ள புறாக்கள், தேன் கூடுகள், குளத்து மீன்கள். ஸ்தாவரம் என்றால் அசையாதது. பறக்கும் புறாவை அசையாச் சொத்து என்று சொன்ன சட்டத்தைக் கண்டு சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் நிலத்தைக் கடன் கொடுத்தவன் ஜப்தி செய்யவரும்போது மாட்டையும் ஏரையும் விதையையும் தனித்தனியே பிடுங்கிக்கொண்டு போனால், மிஞ்சிய நிலத்தை வைத்துக்கொண்டு எவன் பயிரிடுவான்? விவசாயம் ஒரு முழுமை, அதைக் கூறுபோடக்கூடாது என்ற விவேகமே அங்கே புறாவுக்கும் மீனுக்கும் சேர்த்துக் கால்கட்டுப் போட்டிருக்கிறது. இதற்குத் துணையாக 564-ஆம் ஷரத்து ஒன்று உண்டு. என் கூண்டுப் புறா உங்கள் கூண்டுக்குக் குடிபெயர்ந்தால் அது உங்களுக்கே சொந்தம். ஆனால் நீங்கள் சூதோ தந்திரமோ செய்து அதை வரவழைத்திருக்கக்கூடாது. புறாவை மயக்குவதற்கு என்ன தந்திரம் செய்வார்கள் என்பதைச் சட்டம் விவரிக்கவில்லை.

புதையலைப் பற்றியும் அந்தப் புத்தகம் ஆங்கிலேயச் சட்டத்தைவிடப் பெருந்தன்மையாகப் பேசுகிறது. தன் நிலத்தில் கண்டெடுத்தவனுக்கு முழுவதும், பிறன் நிலத்தில் கண்டெடுத்தால் ஆளுக்குப் பாதி. மறைந்தோ புதைந்தோ கிடந்து, இன்னாருக்குச் சொந்தமென்று எவரும் நிரூபிக்க முடியாததாய், தற்செயலாகவே அகப்பட்டதாய் இருக்கவேண்டும் என்பது 716-ஆம் ஷரத்து. அரிக்கமேட்டில் சிறு பிள்ளைகள் பொறுக்கிய மணிகளையும் ஓடுகளையும் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சு அறிஞர் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாரே, 1937-இல் ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் தலை செதுக்கிய கல் ஒன்றும் அவர் பார்வைக்கு வந்ததே, அப்போது அந்த மண்ணில் செல்லுபடியானது இந்த ஷரத்துதான். அந்தக் கல் புதையலா, கைதவறி விழுந்த பொருளா என்று ஒரு வழக்கு வந்திருந்தால் நமக்கு ருசிகரமான தீர்ப்பு ஒன்று கிடைத்திருக்கும்.

1804-இல் எழுதப்பட்ட மூலத்தில் இன்னொரு விதியும் இருந்தது. இருபத்தைந்து வயது நிரம்பாத மகனும் இருபத்தொன்று நிரம்பாத மகளும் பெற்றோர் சம்மதமின்றி மணம் புரியமுடியாது. அந்த வயது கடந்த பிறகும், அவர்கள் நொத்தேர் என்னும் பத்திர அதிகாரி மூலமாகப் பெற்றோருக்கு மரியாதைப் பத்திரம் ஒன்றை முறைப்படி சமர்ப்பித்து ஆலோசனை கேட்கவேண்டும். மகனுக்கு முப்பது வயதும் மகளுக்கு இருபத்தைந்து வயதும் ஆகும்வரை, மாதத்துக்கு ஒன்றாக மூன்று தடவை கேட்கவேண்டும். மூன்றாம் தடவையும் பெற்றோர் மறுத்தால், ஒரு மாதம் பொறுத்துக் கலியாணத்தைச் செய்துகொள்ளலாம். சம்மதம் கேட்பது கட்டாயம், கிடைப்பது கட்டாயமில்லை! பிரான்சு தேசம் இந்த விதியைப் படிப்படியாகத் தளர்த்தி இருபதாம் நூற்றாண்டில் எடுத்துவிட்டது. பெற்றோர் கௌரவத்தையும் பிள்ளைகளின் சுதந்திரத்தையும் ஒருசேரக் காப்பாற்ற முயன்ற இந்த உபாயம், நம் வீடுகளில் இன்றும் நடக்கிற மாதக்கணக்கான சண்டைகளைவிட நாகரிகமானது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற நம்மூர் வக்கீல், ஐரோப்பியரைப் போலக் காலுறையும் சப்பாத்தும் அணிந்துகொண்டு நியாயஸ்தலத்துக்குள் பிரவேசித்தார். இந்தியன் தன் ஆசாரப்படியே நடத்தப்படுவான் என்று 1819-இல் வாக்குக் கொடுத்தார்களல்லவா? ஆசாரப்படி பெரியோர் முன்னிலையில் பாதரட்சையைக் கழற்றிவிட்டு நிற்கவேண்டியவன் சப்பாத்தோடு வரலாகாது என்று நீதிபதி தடுத்துவிட்டார். காப்பாற்றுவதற்காகக் கொடுத்த வாக்குறுதி காலை வாரிவிடுவதற்கும் உதவியதைக் கவனியுங்கள். பிள்ளை அவர்கள் பணிந்து திரும்பவில்லை; பாரிஸில் இருந்த மேலான நியாயஸ்தலம்வரை வழக்கைக் கொண்டுபோனார். அது அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடல் கடந்து, கண்டம் கடந்து, ஒரு ஜோடிச் சப்பாத்துக்காக நடந்த அந்த வழக்கு, ஆசாரம் என்பது மனிதன் விரும்பி அணிவதா, பிறர் அவன்மேல் பூட்டுவதா என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததே 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை. இருபத்தொரு வயது நிரம்பிய எந்த இந்தியரும், ஜாதி மத பேதமின்றி, அதிகாரியின் முன் ஒரு பிரகடனம் செய்து, தம் ஜாதி ஆசாரச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட்டவராகலாம். அப்படிச் செய்பவர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு திருப்தியடையும் நம் வழக்கத்தை விட்டு, தம் சந்ததிக்கெல்லாம் நிலைத்திருக்கும் ஒரு குடும்பப் பெயரை ஏற்கவேண்டும். பிரகடனம் மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தே கட்டும். ஒருமுறை செய்தால் திரும்பப் பெற வழியில்லை. பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்னணியில் நின்று லபோர்த்து என்ற பெயரை ஏற்றார். இவ்விதம் துறந்தவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்று ஊரில் சொல்லுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஜாதியின் பெயரால் மிதிபட்டவர்கள் அவர்களுள் கணிசமானோர். ஒரு கையெழுத்தினால் ஜாதியைச் சட்டத்தின் பார்வையிலிருந்து உதறிவிடலாம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விமோசனமாகத் தோன்றியிருக்கும்! பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் பக்கம் உத்தியோகம் பார்க்கப் போனவர்களுக்கு ஐரோப்பியருக்குரிய சம்பளமும் சலுகையும் கேட்க அது ஆதாரமாகவும் அமைந்தது.

மறுபுறம், சண்முக வேலாயுத முதலியாரைத் தலைவராகக் கொண்ட ஆசாரக் கட்சி இதைக் கடுமையாக எதிர்த்தது. 1884-இல் தேர்தலுக்கு வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனைய இந்தியர் என்று மூன்று ஜாபிதாக்களாகப் பிரித்தார்கள். ஜாதியைத் துறந்தவர்களையே தனி ஜாபிதாவில் நிறுத்திப் புதிதாக ஒரு ஜாதியைப் போல ஆக்கிவைத்த அந்த ராஜதந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆணை பிறந்த காலத்துச் சமத்துவ நோக்கம் அரசியலில் சிக்கிச் சீரழிந்தது.

நம் எல்லை செய்த இன்னொரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு 1954-க்கு வருகிறேன். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆணுக்கும் விவாகம் செய்யலாகாது என்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரல் முதல் தேதியன்று பிரிட்டிஷ் இந்தியாவில் அமுலுக்கு வந்தது. பிரெஞ்சு ஏனாம் அதற்கு வெளியே இருந்தது. அப்புறமென்ன, கோதாவரிக் கரையிலிருந்து தெலுங்குக் குடும்பங்கள் குழந்தை மணமக்களைக் கூட்டிக்கொண்டு ஏனாமுக்குச் சென்று தாலி கட்டிவிட்டுத் திரும்பின. அந்த ஊருக்குக் கல்யாணபுரம் என்ற பெயரே ஏற்பட்டுவிட்டது. இதில் கவனிக்கவேண்டியது, அதே ஏனாமில் கோத் சிவிலுக்கு உட்பட்டவர்களுக்குப் பெண்ணின் வயது பதினைந்து, ஆணின் வயது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆசாரத்துக்குக் கொடுத்த வாக்குறுதியே குழந்தை மணத்துக்குக் கொட்டகை போட்டுக்கொடுத்தது. 1908-இல் புதுச்சேரிக்கு வந்த பாரதியாருக்கு அடைக்கலம் கொடுத்ததும் இதே பிரெஞ்சு எல்லைதான். எல்லைக்கோட்டுக்கு நல்லது கெட்டது தெரியாது. அதைத் தாண்டி வருகிறவர்களின் நோக்கம்தான் அதற்கு மதிப்பைத் தருகிறது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 ஜனப் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. கொடி இறங்கியதைக் கண்டவர்கள், அன்றோடு எல்லாம் முடிந்தது என்றே எண்ணியிருப்பார்கள். ஆனால் சட்டப்படி இவ்வூர் அப்போதும் பிரான்சுக்கே சொந்தமாயிருந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தானது. அல்ஜீரிய யுத்தம் ஓய்ந்து, அதைப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அங்கீகரித்து, 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி வந்த பிறகே மண் சட்டப்படி இந்தியாவுடையதாயிற்று. இடையே ஏறக்குறைய எட்டு வருஷம், இந்தியா நிர்வகிக்கும் பிரெஞ்சு மண்ணில் நம் பெரியவர்கள் வாழ்ந்தார்கள்.

இதனால் நேர்ந்ததைக் கேளுங்கள். பஸ் பர்மிட் ஒன்றைப் பற்றிய தகராறு தில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதிகளுக்கு பஸ்ஸைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று முளைத்தது: புதுச்சேரி இந்தியாவின் பூமிதானா? அவர்கள் மத்திய சர்க்காரையே எழுத்துமூலம் கேட்டார்கள். சட்டபூர்வமாக ஒப்படைப்பு ஆகாததால் அது இந்திய யூனியனைச் சேர்ந்த பூமியன்று என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. அதை ஏற்று 1961-இல் கோர்ட்டார், எங்கள் ஆணை அங்கே செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். தேசமே தன் தேசம் எதுவரை என்று தன்னையே கேட்டுக்கொண்ட வழக்கு இது ஒன்றுதான் இருக்கும் போலும். கீழூரில் வருஷந்தோறும் ஆகஸ்டு 16-ஆம் தேதி நாம் கொண்டாடுகிற சட்டபூர்வ பரிமாற்ற நாள் வெறும் சடங்கன்று என்பதற்கு இந்த பஸ் வழக்கு சாட்சி. 1962 நவம்பரில்தான் சென்னை ஹைக்கோர்ட்டின் அதிகாரமும் இங்கு வந்தது.

அந்த உடன்படிக்கை பிரஜைகளையும் பங்கிட்டது. இப்பிரதேசத்தில் பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியப் பிரஜைகள். வேண்டாமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் பிரெஞ்சுப் பிரஜையாக நீடிக்கலாம். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்களோ பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருப்பார்கள். அவர்கள் விரும்பினால் இந்தியப் பிரஜையாகலாம். ஆகவே புதுச்சேரியில் இருந்த அண்ணன் ஒன்றும் எழுதாததால் இந்தியனானான். பாரிஸிலிருந்த தம்பி ஒன்றும் எழுதாததால் பிரெஞ்சுக்காரனானான். மௌனமே ஒருவனுக்கு ஒரு நாட்டையும் மற்றொருவனுக்கு வேறு நாட்டையும் கொடுத்தது. பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கிய நம் ‘சொல்தா’க்களின் வீடுகள் பிரெஞ்சுக் குடியுரிமையோடு நின்றன, இன்றும் பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலில் இவ்வூர்த் தெருக்களிலிருந்து ஓட்டு விழுவதை நீங்கள் பார்க்கிறீர்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ரெனோன்சான் வேறு, பிரெஞ்சுப் பிரஜை வேறு. பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு வைத்திருப்பவரின் பாட்டனார் ஜாதி ஆசாரத்தைத் துறக்காமலே இருந்திருக்கலாம். 1882-இல் துறந்தவரின் கொள்ளுப்பேரனோ 1962-இல் இந்தியப் பிரஜையாகி, பிரான்சின் மண்ணை மிதிக்காமலே, பிரெஞ்சு மொழி ஒரு சொல்லும் அறியாமலே வாழலாம். ஆனால் 1963-இல் இந்து விவாகச் சட்டத்தையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் இங்கே விஸ்தரித்தபோது, புதுச்சேரி யூனியன் பிரதேசத்து ரெனோன்சான்களுக்கு இதில் உள்ளது எதுவும் பொருந்தாது என்று ஒரு வாக்கியத்தை அவற்றில் செருகிவைத்தார்கள். 1968-இல் சொத்து மாற்றம், ஒப்பந்தம், சிவில் நடைமுறை முதலிய இந்தியச் சட்டங்கள் வந்து, புறாவும் தன் ஸ்தாவரப் பதவியை இழந்தது. ரெனோன்சானின் குடும்பச் சட்டம் மாத்திரம் அப்படியே நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்று சொல்லுவது அலங்காரத்துக்காக அன்று. பிரான்சு தேசம் தன் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே போகிறது. 1965-இல், கணவன் அனுமதி இல்லாமலே மனைவி தொழில் செய்யலாம், பாங்கியில் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. 1975-இல் இருவரும் மனமொத்து விவாகரத்துச் செய்துகொள்ள வழி திறந்தது. 1962-க்குப் பின்பு பாரிஸில் செய்த திருத்தம் இங்கே எந்தக் கப்பலில் வரும்? தில்லியோ 1963-இல் கதவை மூடிவிட்டது. ஆகவே, தாய்வீட்டார் மாற்றிக்கொண்ட சட்டம், அவர்களோடு எந்த உறவும் இல்லாத நம் ரெனோன்சான் குடும்பத்தின்மேல் பழைய வடிவிலேயே உட்கார்ந்திருக்கிறது. முற்போக்கின் உச்சமென்று எண்ணி 1881-இல் ஏறிய படி, இன்று பேரப்பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியாகிவிட்டது.

வெளியூர்களிலும் இதற்கு உறவுமுறைகள் உண்டு. கோவாவில் போர்த்துகீசிய சிவில் சட்டம், அரசியல் மாறிய பிறகும், அநேகமாக எல்லா மதத்தாரையும் ஒன்றாகக் கட்டிவருகிறது. யாழ்ப்பாணத்தில் தேசவழமையை 1707-வாக்கில் ஒல்லாந்தர் எழுதிவைக்க, ஆங்கிலேயர் 1806-இல் அதற்குச் சட்டபலம் கொடுத்தார்கள். இன்றும் அது நடைமுறையில் உள்ளது. ஆனால் கோவாச் சட்டம் ஊர் முழுமைக்கும் உரியது. தேசவழமை அந்த மக்களின் பழைய வழக்கு. புதுச்சேரியில் மட்டும்தான், ஒரு முன்னோர் ஒருநாள் இட்ட கையெழுத்து, அவர் முகத்தைப் படத்தில்கூடப் பார்க்காத சந்ததியின் தாலியையும் தாவாவையும் நிர்ணயிக்கிறது. ஜாதியிலிருந்து தப்பிக்க எழுந்த ஏற்பாடு, பிறப்பினால் வருவது, விரும்பினாலும் விட முடியாதது என்ற இரண்டு ஜாதி லக்ஷணங்களையும் தானே ஏற்றுக்கொண்டதைக் காட்டிலும் பெரிய விசித்திரத்தை நான் எந்த நாட்டுச் சட்டத்திலும் கண்டதில்லை.

எல்லோருக்கும் பொதுவான சிவில் சட்டம் வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 44-ஆவது ஷரத்து சொல்லுகிறது. அதைப் பற்றி தேசத்தில் நடக்கிற பெரிய வாக்குவாதத்துக்குள் நான் இன்று நுழையப் போவதில்லை. அது தீர்ந்த பிறகே இது தீரும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 1962-இல் தேசத்தையே தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அதே மாதிரி, ரெனோன்சான் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும், வயது நிரம்பியதும், முன்னோர் சட்டத்திலேயே நீடிப்பதா, இந்தியச் சட்டத்துக்கு வருவதா என்று தாமே சொல்லும் உரிமையைப் பாராளுமன்றம் ஒரு சிறு திருத்தத்தால் கொடுத்துவிடலாம். துறக்கும் சுதந்திரம் பாட்டனாருக்கு இருந்தது, பேத்திக்கும் இருக்கட்டும். நம் சட்டசபை இதைக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றும், வக்கீல்கள் சங்கத்தார் அதற்கான மசோதாவை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

அது நிறைவேறும்வரை உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சட்டப்படி இந்துவோ கிறிஸ்தவரோ ஆன ஒருவர் தாம் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். கோத் சிவிலிலோ பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பாகத்தில் தகப்பன் கைவைக்க முடியாது: ஒரு பிள்ளை இருந்தால் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் ஒன்று, மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் நாலில் ஒன்று, அவ்வளவைத்தான் அவர் தம் இஷ்டப்படி எழுதி வைக்கலாம். மூன்று பிள்ளைகள் உள்ள ஒருவர், தாம் ரெனோன்சான் என்பதை அறியாமல், கடைசிக் காலத்தில் தம்மைப் பார்த்துக்கொண்ட மகளுக்கே வீடு முழுவதையும் எழுதிவைத்தால், அவர் கண்மூடியபின் அந்த உயிலில் பாதிப் பங்கை மற்ற இரண்டு பிள்ளைகளும் ஆட்சேபித்து வழக்காடலாம். குடும்பப் பெயர் பிரெஞ்சுச் சாயலில் இருப்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யாதீர்கள். தமிழ்ப் பெயர் என்பதால் அசட்டையாகவும் இராதீர்கள். ஆகையால் உயில் எழுதுவதற்கு முன், பாகப்பிரிவினை செய்வதற்கு முன், உங்கள் கொள்ளுப்பாட்டனார் 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி கையெழுத்திட்டவரா என்பதை வீட்டுப் பழைய தஸ்தாவேஜுகளிலும் பிறப்பு விவாகப் பதிவேடுகளிலும் தேடிப் பார்த்துவிட்டு, அந்த நகலோடு வக்கீலிடம் போங்கள்.